அந்தக் குட்டியை அங்கேயே விடுங்கள்

கடந்த வாரம் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. "மிஸ், வயலுக்குள்ள மூண்டு புலிக்குட்டி. தாய் விட்டுட்டுப் போயிட்டுது. பாவமெண்டு வீட்ட கொண்டு வந்திட்டம்."

எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். முந்தாநாள் பின்னேரமாம். எந்த இடத்தில்? சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அதற்குள் நெல் வெட்டும் மெஷின் முழுக் காணியையும் வெட்டி முடித்துவிட்டது. என்ன கொடுத்தீர்கள்? பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மற்ற இரண்டுக்கும் வயிற்றோட்டம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்காரர் வந்து எடுத்துப்போனார்கள். அன்றிரவே இன்னொன்றும் செத்துப்போனது. அந்த வீட்டுப் பிள்ளை பெட்டியில் விரித்திருந்தது தன்னுடைய பள்ளிச் சட்டையை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பெரும்போக வெட்டு தொடங்கிய பிறகு எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. நான்கிலும் சொன்னது புலிக்குட்டி என்றுதான். ஒன்றுகூடப் புலிக்குட்டி இல்லை.

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரிப்புலி இலங்கையின் எந்தக் காட்டிலும் இல்லை. பள்ளிக்கூடங்களில் "எங்கட காட்டுப் புலியை வரையுங்கோ" என்றால் முக்கால்வாசிப் பிள்ளைகள் கோடு போட்டுத்தான் வரைகிறார்கள், தொலைக்காட்சியில் பார்த்தது அதைத்தான். இங்கே நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய சிறுத்தை அது. விஞ்ஞானப் பெயரிலேயே 'கொட்டியா' என்ற சிங்களச் சொல் இருக்கிறது. அதைத் தவிர இன்னும் மூன்று பூனை இனங்கள் நம் காடுகளில் உண்டு: மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை. கடைசியாகச் சொன்னது முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ தேறுவது கஷ்டம், வீட்டுப் பூனையை விடச் சின்னது. ஊரிலோ புள்ளி இருந்தால் எல்லாம் புலிதான்.

வயலில் கிடைப்பது பெரும்பாலும் மீன்பிடிப் பூனையின் குட்டி. வாய்க்கால், குளக்கட்டு, வில்லு, நாணல் பற்றை என்று தண்ணீர் இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. நன்றாக நீந்தும். மீன், நண்டு, எலி, பாம்பு தின்னும், சில நேரம் உங்கள் கோழியையும் தூக்கும், அதை நான் மறைக்கவில்லை. வளர்ந்த ஆண் சிறுத்தை 50 கிலோவைத் தாண்டும். மீன்பிடிப் பூனையில் பெரிய ஆணே 15, 16 கிலோதான். உடம்பு சாம்பல் நிறம், புள்ளிகள் வரிசையாக ஓடும், வால் கட்டை. சிறுத்தைக்குப் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும், வால் நீளம். குட்டியாக இருக்கும்போது இதைப் பிரித்துப் பார்ப்பது பழகியவர்களுக்கே சிரமம், ஆகவே நீங்கள் அடையாளம் பிடிக்கத் தேவையில்லை. எந்தக் குட்டியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அங்கேயே விடுவது.

இனி அந்த "தாய் விட்டுட்டுப் போயிட்டுது" என்ற வசனத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கோழி முட்டையில் அடைகிடப்பதுபோலப் பூனைத்தாய் எந்நேரமும் குட்டியோடு கிடக்காது. அதற்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க ஆள் கிடையாது. ஆண் வந்து பார்க்காது. தானே போய் வேட்டையாடினால்தான் அதற்குப் பால் ஊறும். ஆகவே குட்டிகளை அடர்ந்த இடத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போகும், மணிக்கணக்காகப் போகும். சிறுத்தைத்தாய் ஒரு நாளைக்கு மேல்கூட விட்டிருக்கும். நெல் விளைந்து இடுப்பளவு நிற்கும் வயல் அதற்கு நல்ல ஒளிப்பிடம். நீங்கள் விதைத்தது, காவல் பார்த்தது எல்லாம் அதற்குத் தெரியாது. நாலு மாதம் யாரும் நடுவயலுக்குள் அதிகம் இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் காலையில் மெஷின் இறங்குகிறது. உழவு மெஷின், மூட்டை ஏற்றும் ஆட்கள், பின்னால் இரண்டு மூன்று நாய்கள். தாய் அடுத்த பற்றைக்குள் படுத்துக்கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். குட்டி கத்துவதும் கேட்கும். ஆனாலும் வராது. ஆள் நிற்கும் வரை அது வராது. அது வரவில்லையே என்று ஆட்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஒரு மணித்தியாலம் பார்த்தோம், இரண்டு மணித்தியாலம் பார்த்தோம் என்று என்னிடம் சொல்பவர்கள் எல்லாரும் பகலில், வெளியில் நின்று, பத்துப் பேராகப் பார்த்தவர்கள்.

இன்னொன்று. "ஒரு குட்டி மட்டும் தனியாக் கிடந்தது, அதான் எடுத்தம்" என்பார்கள். இதுதான் எனக்குப் பெரிய வேதனை. இடம் ஆபத்து என்று தெரிந்தவுடன் தாய் குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாக இடம் மாற்றும். மூன்று குட்டியென்றால் மூன்று நடை. தனியாகக் கிடக்கும் குட்டி பல நேரம் கடைசி நடைக்குக் காத்திருக்கும் குட்டி. தாய் திரும்பி வரும் வழியில்தான் இருக்கும். அதற்குள் நாம் தூக்கிவிடுகிறோம்.

மனிதர் தொட்டால் மணம் பட்டுத் தாய் சேர்க்காது என்பதும் சரியில்லை. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் அடிக்கடி வெளிப்படும். அவற்றை அங்குள்ள வனத்துறையினரும் மீட்புக் குழுவினரும் எடுத்துச் சோதித்து, பொழுதுபடும் நேரத்தில் அதே கரும்புத் தோட்டத்தில் பெட்டியோடு வைக்கிறார்கள். கைபட்ட குட்டிகளைத் தாய் வந்து கவ்விக்கொண்டு போவது அவர்கள் வைத்த கமராக்களில் பதிவாகியிருக்கிறது.

இங்கேயும் நடந்திருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் கிண்ணியாவுக்கு அப்பால் ஒரு காணியில் ஒரு காக்கா, முஸ்லிம் பெரியவர், வயது எழுபதுக்கு மேல், குட்டியைக் கண்டவுடன் மெஷினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார். நான் அதிகாரிகளிடம் கேட்டுச் சொன்னபடியே செய்தார். குட்டி கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு துண்டை வெட்டாமல் விட்டார். ஓடிவந்த நாய்களைக் கட்டினார். மெஷின் சத்தத்துக்கு ஊர்ந்து வரம்புக்கு வந்திருந்த இரண்டு குட்டிகளையும் பக்கம் தாழ்ந்த பெட்டியில் பழைய சாக்கு விரித்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன் எல்லாரையும் வயலை விட்டு அனுப்பினார். வாடியில் விளக்குக்கூடக் கொளுத்தவில்லை. விடியப்புறம் போன் வந்தது: "கொண்டு போயிட்டுது மகள்." அவர் இழந்தது அரை நாள் வெட்டுத்தான்.

பால் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டுப்பாலும் பால்மாவும் ஒத்துவராது. உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்கு எதுவும் செமிக்காது. மல்லாத்தி வைத்துப் போத்தலைத் திணித்தால் பால் நுரையீரலுக்குள் போகும். ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம்.

வளர்த்துப் பெரிதானதும் காட்டில் விடுவோம் என்று சிலர் சொல்கிறார்கள். யார் அதற்கு மீன் பிடிக்கப் பழக்குவது? ஆளைக் கண்டு பயப்படாத பூனை அடுத்த ஊர்க் கோழிக்கூட்டுக்குத்தான் போகும், அங்கே பொல்லடியில் சாகும். சட்டமும் விடாது. 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவை பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

தாய் உண்மையிலேயே திரும்பாத சந்தர்ப்பமும் உண்டு. அநேகமாக அதற்கும் நாம்தான் காரணம். கந்தளாய் வீதியில் இரவில் வாகனத்தில் அடிபட்டிருக்கும், இல்லாவிட்டால் பன்றிக்கென்று கட்டிய கம்பிக் கண்ணியில் மாட்டியிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டத்துக் கண்ணியில் அகப்பட்டு, சில நாளில் சிகிச்சை பலனின்றி இறந்ததை நாடே பார்த்தது. உங்கள் வேலியோரம் கண்ணி இருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். யார் கட்டியது என்று நான் கேட்கப்போவதில்லை.

புலி என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகப் பாவியுங்கள். "புலி வந்திட்டுது" என்று ஒருவர் கத்தினால் அரை மணித்தியாலத்தில் நூறு பேர் கூடுகிறார்கள். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள், பலர் காயப்பட்டார்கள், கடைசியில் அதை அடித்தே கொன்றார்கள். போக வழி இருந்தால் சிறுத்தை போய்விடும். சுற்றி வளைத்தால் யாரோ ஒருவர் மேல் பாய்ந்துதான் வெளியே வரும். வளர்ந்த சிறுத்தையைக் கண்டால் ஓடாதீர்கள், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் எடுங்கள், 1992க்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். போட்டோ எடுத்து இடத்தின் பெயரோடு பேஸ்புக்கில் போடாதீர்கள், பார்க்க வரும் கூட்டத்தை உங்களால் பிறகு தடுக்க முடியாது.

குட்டி என்றாலும் முதலில் 1992தான். சிறுத்தைக்குட்டியாக இருக்கலாம் என்று கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் கிட்டப் போகவே போகாதீர்கள், பெட்டி, சாக்கு ஒன்றும் உங்கள் வேலை இல்லை. ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? ஏசுவார்கள், வழக்குப் போடுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் ஒளித்து வைக்காதீர்கள். எடுத்த இடத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு உடனே சொல்லுங்கள். அன்றிரவே திருப்பி வைக்க முடிந்தால் அந்தக் குட்டிக்குத் தாய் கிடைக்கும். தம்பலகாமத்தில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்த இடமும் அந்த ஒரு இரவும்தான்.

கடைசியாக மெஷின் ஓட்டும் தம்பிமாரிடம் ஒரு கெஞ்சல். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இரவு பகலாக வெட்டுகிறீர்கள், ஏக்கர் கணக்கில்தான் காசு என்பது எனக்குத் தெரியும். முதலில் காண்பது நீங்கள்தான். வயலை நடுவிலிருந்து வெளியே பார்த்து வெட்டுங்கள், உள்ளே இருப்பது ஓரத்துக்குப் போக வழி கிடைக்கும். குட்டி தெரிந்தால் இறங்கித் தூக்காதீர்கள், அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்த வரம்புக்குப் போய்விடுங்கள். விட்ட துண்டுக்காகக் காணிக்காரர் காசைக் குறைத்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.