பையை வாங்கிய பிறகு ஜிஎஸ்டி எண் கேட்காதீர்கள்

கர்நாடகாவில் இருக்கும் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பிலிருந்து ஓர் அமா லா போன வாரம் என் ஆடிட் அலுவலகத்துக்கு வந்தார். (வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.) பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு 200 துணிப்பை தைத்துக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. "ஜிஎஸ்டி எண் இல்லை, பில் பாஸ் ஆகாது" என்று பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூடத் தைத்த மூன்று பெண்களுக்கு இவர் கைமாற்று வாங்கிக் கூலி கொடுத்திருக்கிறார். இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது கேஸ் இது.

கர்நாடகாவுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இவருடைய விற்பனை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாதாரண பில்லே போதும். அந்த நிறுவனத்தின் ஆடிட்டரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அவங்களுக்கென்ன மேடம், வெளிநாட்டுப் பணம் வருதே!" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மடத்துக்கும் பள்ளிக்கும் வரும் நன்கொடை மடத்துக்கும் பள்ளிக்கும்தான் போகும். பை தைப்பவரின், மோமோ விற்பவரின் கல்லாவுக்கு வராது. பைலகுப்பே மடத்தின் தங்கக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் கடை போட்டிருப்பவரையும் வசதியானவர் என்று நினைத்தால் எப்படி? குடியிருப்பு நிலம் அரசு குத்தகைக்குக் கொடுத்தது. அதை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்க வழியில்லை. குளிர்காலத்தில் ஊர் ஊராகப் போய் ஸ்வெட்டர் விற்கிறார்களே, அந்தச் சரக்கே பெரும்பாலும் லூதியானா மொத்த வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்ததுதான். கடை வாடகை, லாரி செலவு, தங்கும் செலவு எல்லாம் போக சீசன் முடிந்ததும் அந்தக் கடனை அடைக்க வேண்டும். சென்னையிலோ ஊட்டியிலோ நீங்கள் 600 ரூபாய் ஸ்வெட்டரை 250க்குக் கேட்டு மல்லுக்கட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, ஆர்டர் கொடுப்பவர்களுக்கு. பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள், துணியும் நூலும் அதில்தான் வாங்குவார்கள். ஜிஎஸ்டி பில்தான் வேண்டுமென்றால் ஆர்டருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை, என்ன விலை, எந்தத் தேதியில் பணம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். சாம்பிள் என்று சொல்லிப் பத்துப் பையை இலவசமாக வாங்காதீர்கள். உதவ நினைத்துப் பழைய துணி மூட்டையோடு வருகிறவர்களே, அது வேண்டாம். கடையில் பொருள் வாங்குங்கள்.

திபெத்தியர்களின் புத்தாண்டான லோசர் பிப்ரவரியில் அல்லது மார்ச்சில் வரும். பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.