ஓச்சோ: டாங்கோவில் எட்டு போடுவதும் எட்டு வைப்பதும்

ஜோடியாக ஆடும் அர்ஜென்டினா டாங்கோ நடனத்தைக் கற்கப் போனவர்கள் ஒழுங்காக நடக்கப் பழகியதுமே காதில் வாங்கும் சொல் ஓச்சோ. ஸ்பானிய மொழியில் எட்டு என்று பொருள். லத்தீன் ஒக்தோதான் இப்படித் திரிந்தது. அதே வழியில் இரவைக் குறிக்கும் நோக்தெ ஸ்பானியத்தில் நோச்சே ஆனது. வடமொழி அஷ்ட, ஆங்கில எய்ட் இரண்டும் ஒரே குடும்பம். நம் எட்டு ஒலியில் பக்கத்தில் நின்றாலும் அந்தக் குடும்பத்துக்கு உறவில்லை. அதன் வேர் எண்; எண்பது, எண்திசை என்னும் சொற்களில் இன்னும் தெரிகிறது.

ஆட்டத்துக்கு ஏன் இந்தப் பெயர்? ஜோடியில் வழிநடத்துபவர் லீடர், அவரைத் தொடர்ந்து ஆடுபவர் ஃபாலோயர். ஃபாலோயர் ஓர் அடி வைத்து, ஊன்றிய காலின் மேலேயே திரும்பி, எதிர்ப்பக்கம் இன்னோர் அடி வைத்து மறுபடி திரும்பினால், பாதம் போன தடம் தரையில் 8 போல விழும். (௮ என்ற தமிழ் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது.) டூவீலர் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டவர்கள்தானே.

சிக்கலும் அங்கேதான். பைக் வளைந்து வளைந்து போகும். பாதம் அப்படிப் போகக் கூடாது. 8 என்ற படத்தை நினைத்துக்கொண்டு புதியவர்கள் காலால் பிறை வரைகிறார்கள், அடி குறுகி, உடல் சாய்ந்துவிடுகிறது. உண்மையில் அடி நேர்கோடு. 8-இன் இரு முனைகளிலும் தெரியும் வளைவு இடுப்புத் திரும்புவதால் வருவது. இதைச் சொல்லத் தமிழில் இன்னொரு எட்டு தயாராக இருக்கிறது: 'ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா' என்கிறோமே, அந்த எட்டு. அதற்கு அடி என்று பொருள். ஸ்பானியச் சொல்லுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு எட்டு வை, திரும்பு, இன்னொரு எட்டு வை, திரும்பு: எட்டு போட்டாயிற்று.

பின்பக்க ஓச்சோவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லீடர் இடப்பக்கம் ஓர் அடி வைக்கிறார். ஃபாலோயரும் கூடவே வருகிறார். அவர் பாரம் முழுவதும் வலக்காலில் இறங்கியபின், அவரை அசைக்காமல் லீடர் மட்டும் தன் பாரத்தை வலக்காலுக்கு மாற்றிக்கொள்கிறார். இப்போது இருவருக்கும் இடக்கால் காலி. லீடர் மார்பைத் திருப்ப, ஃபாலோயரின் இடுப்பு அதைத் தொடர்ந்து திரும்புகிறது. அடுத்த அடியில் லீடர் முன்னே, ஃபாலோயர் பின்னே. திரும்பும் முன் காலியாக உள்ள கால் ஊன்றிய காலின் கணுக்காலோடு வந்து சேர வேண்டும். கால்கள் விரிந்த நிலையில் திரும்பினால் வேகமும் கிடைக்காது, நிலையும் நிற்காது. திரும்புவது முன்பாதத்தில், குதிகால் தரையை உரசினாற்போல இருந்தால் போதும், தூக்கி நிறுத்த வேண்டாம்.

இடுப்பு ஒரு பக்கமும் மார்பு ஒரு பக்கமும் இருக்கும் இந்த நிலையை ஸ்பானியத்தில் திசோசியாசியோன் என்பார்கள். முறுக்கு என்றாலே தமிழில் போதும். ஈரத்துணியைப் பிழிகையில் மேல் கை நிற்க, கீழ் கை திரும்புவது போலத்தான். பழக ஒரு சுவர் போதும்: அரைக் கை தூரத்தில் நின்று இரு உள்ளங்கைகளையும் மார்பளவில் சுவரில் வைத்து, சுவரோரமாகவே எட்டு போடுங்கள். மார்பு சுவரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கையில் அழுத்தம் கூடினால் நிலை தவறுகிறது என்று அர்த்தம்.

லீடர்கள் செய்யும் பெரிய தப்பு, கையால் இழுத்துத் திருப்புவது. கை இழுத்தால் ஃபாலோயரின் தோள்தான் வரும், இடுப்பு வராது. அவர் ஒற்றைக்காலில் தள்ளாடுவார். அடுத்தது அவசரம்: பாரம் இரண்டு காலிலும் பாதிப்பாதி இருக்கும்போது மார்பைத் திருப்பினால் எந்தக் காலில் திரும்புவது? ஃபாலோயர் பக்கத்துத் தப்பு, ஒரு எட்டு வைத்ததும் கேட்காமலே அடுத்ததையும் வைத்துவிடுவது. வகுப்பில் வரிசையாகப் போட்டுப் பழகியதன் வினை அது. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டாம். பாதம் தரையைப் பிடித்துக்கொள்ள, முறுக்கு முழங்காலில் ஏறும். தோல் அல்லது ஸ்வேட் அடிப்பாகம் நல்லது.

வகைகளுக்குத் தமிழ்ப்பெயர் எளிது. அதெலான்தே முன்னெட்டு, அத்ராஸ் பின்னெட்டு. கொர்தாதோவை வெட்டிய எட்டு எனலாம்: முன்னெட்டில் கிளம்பிய ஃபாலோயரை லீடர் பாதியில் மறித்துத் திருப்பி அனுப்பி, பக்க அடி வைத்து, ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து முடிக்க வைப்பது. நெரிசலான தளத்தில் மிகவும் உதவும். பால் விட்டு 'வெட்டிய' காபிக்கும் ஸ்பானியத்தில் கொர்தாதோ என்றுதான் பெயர்.

சொல்லித் தருபவர் வினையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. 'ரெண்டு எட்டு வை' என்றால் இரண்டு அடி; 'ரெண்டு எட்டு போடு' என்றால் நான்கு.