பாதி நட்டு எப்படி 400 கிலோவைத் தாங்குகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: "கடையில் கார்பெண்டர் வைஸ் ஒன்றைப் பார்த்தேன் சார். முன்னால் ஒரு சின்ன லீவர். அதை அழுத்தினால் தாடை சர்ரென்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது. விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருகினால் இறுகுகிறது. குனிந்து அடியில் பார்த்தேன். முழு நட்டு இல்லை, பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதி நட்டு ஏன் பிதுங்கிக்கொண்டு வெளியே வரவில்லை?"

குனிந்து பார்த்த அந்தக் கண்ணுக்கு முதலில் என் வணக்கம். வைஸ் என்பது இரண்டு தாடைகளுக்கு நடுவே மரத்தை இறுக்கிப் பிடிக்க பெஞ்சில் பொருத்தும் கருவி. ஒரு திருகுத் தண்டுதான் முன் தாடையை நகர்த்துகிறது.

என் சிறுவயதில் வண்ணாரப்பேட்டை வீட்டுக்குக் கதவு செய்த ஆசாரியிடம் வைஸ் கிடையாது. சட்டத்தைத் தரையில் கிடத்தி, இடது பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இழைப்புளி போடுவார். கட்டைவிரல் சட்டத்தின் விளிம்பை அப்படியே கவ்விக்கொண்டிருக்கும். அந்தக் கால்தான் அவருடைய வைஸ். ஆனால் காலின் அழுத்தம் உடம்பின் எடையைத் தாண்டாது. திருகு எங்கேயோ போய்விடும். ஒன்பது அங்குல வைஸில் கைப்பிடியின் நீளம் மையத்திலிருந்து 15 செ.மீ., மரை இடைவெளி 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குக் கை 942 மி.மீ. பயணிக்கிறது, தாடை 6 மி.மீ. நகர்கிறது. விகிதம் 157. அதில் முக்கால்வாசியை உராய்வு எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஏறக்குறைய 40 மடங்கு. 10 கிலோ விசையோடு இழுத்தால் தாடையில் 400 கிலோ. இது பள்ளிப் பாடம்தான்.

முக்கால்வாசி வீண்தானே என்று தோன்றும். வீண் இல்லை. ஒரு முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றிப் பாருங்கள், சாய்ந்த விளிம்பு மரையாகச் சுற்றிக்கொள்ளும். திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளம். நம் வைஸின் தண்டு 24 மி.மீ. விட்டம் என்றால் அந்தச் சரிவு 5 டிகிரிக்கும் குறைவு. லேசாக எண்ணெய் படிந்த எஃகும் வார்ப்பு இரும்பும் 6 முதல் 8 டிகிரி சாய்வு வரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் நிற்கும். சரிவு அதைவிடக் குறைவு என்பதால் கையை எடுத்த பின்னும் திருகு தானாகத் திரும்பி அவிழ்வதில்லை. இப்படித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் திருகு எதுவும் நாம் கொடுத்த வேலையில் பாதியைக்கூடத் திருப்பித் தராது என்பது கணிதம். உராய்வுக்குக் கொடுத்ததெல்லாம் பிடிமானத்துக்குக் கொடுத்த விலை.

இனி அந்தப் பாதி நட்டு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் லேத் ஓட்டுகிறவர்களுக்கு ஹாஃப் நட் புதிதல்ல. மரை வெட்டும்போது லீவரைத் தட்டினால், வெட்டும் கருவியை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும். ஆனால் லேத்தில் இரண்டு பாதிகள் இரு பக்கமும் சேர்ந்து கவ்வும். வைஸில் ஒரே பாதிதான். லீவரை அழுத்தினால் அது தண்டை விட்டு விலகும், விட்டால் ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்பத் தண்டோடு சேர்க்கும். இதை முதலில் பரவலாக்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலிருந்த பார்க்கின்சன் நிறுவனம். பின்னால் ஷெஃபீல்டின் ரெக்கார்ட் வைஸ்கள் அதே வழியில் உலகமெங்கும் போயின.

சாதாரண போல்ட்டின் மரைப் பல் இரண்டு பக்கமும் 30 டிகிரி சாய்ந்த V வடிவம். அதில் 400 கிலோ விசை வந்தால் சாய்வின் காரணமாக ஒரு பகுதி நட்டை வெளிப்பக்கம் தள்ளும். முழு நட்டில் அந்தத் தள்ளல் எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பாதி நட்டில் எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அரைவட்டத்தில் பரவிய தள்ளல்கள் சேர்ந்து ஏறக்குறைய 150 கிலோ விசையோடு நட்டைத் தண்டிலிருந்து பிரிக்கப் பார்க்கும். எந்த ஸ்பிரிங்கும் தாங்காது.

வைஸுக்கு ஒரே திசையில்தான் வேலை என்பதைக் கவனித்தவர் யாரோ, அவர் மேதை. இறுக்கும்போது மட்டும் மரை பாரம் தாங்கினால் போதும். தளர்த்தும்போது வெறும் தாடையை நகர்த்தினால் சரி. ஆகவே பல்லை ரம்பப் பல் மாதிரி வெட்டினார்கள். பாரம் தாங்கும் முகம் கிட்டத்தட்டச் செங்குத்து, முதுகு மட்டும் சரிவு. பட்ரஸ் மரை என்று பெயர். பாரம் தாங்கும் முகத்தின் சாய்வு 3 டிகிரி என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள். 150 கிலோ 13 கிலோவாகச் சுருங்கிவிடும்! திருகிக்கொண்டிருக்கும்போது உராய்வு திருகும் திசையிலேயே செலவாகிவிடுவதால் அந்த 13 கிலோவை ஸ்பிரிங்கும் நட்டு உட்காரும் பள்ளமும் பார்த்துக்கொள்கின்றன. திருகி நிறுத்தியதும் முன்பு சொன்ன அதே 6 டிகிரி உராய்வு இங்கேயும் வந்து நிற்கிறது. சாய்வு 3, உராய்வு 6. நட்டு நகராது. திருகு அவிழாமல் இருப்பதற்கும் நட்டு பிதுங்காமல் இருப்பதற்கும் ஒரே காரணம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரிந்த முதுகுக்கும் வேலை உண்டு. லீவரை விட்டதும் நட்டுப் பல் அதன்மேல் வழுக்கித் தானாகப் பள்ளத்தில் போய் விழுகிறது.

உராய்வைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆதங்கம் வரும். பிரிட்டனில் 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வாலும் தேய்மானத்தாலும் தொழில்துறைக்கு ஆகும் இழப்பைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு ட்ரைபாலஜி என்ற பெயரே அதற்குப் பிறகுதான் நிலைபெற்றது. இங்கே ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குகிறவர்கள் இப்படிப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத துறைகளுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அதோடு வடசென்னையின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மர பெஞ்சும் ஒரு வைஸும் வேண்டும். சாய்தளத்தைக் கரும்பலகையில் வரைவதைவிட அதைக் கையால் திருகிப் பார்ப்பது நூறு மடங்கு மேல்.

நான் என் வைஸை லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கியது ஒரு சனிக்கிழமை. ராயபுரம் கல்மண்டபம் வழியாக ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சனிக்கிழமையில இரும்ப வீட்டுக்குள்ள எடுத்துட்டு வராதடா." அம்மாவின் பயம் என் மேல் உள்ள அக்கறை, அது எனக்குத் தெரியும். ஆனால் வார்ப்பு இரும்புக்குக் கிழமை தெரியாது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. தாடையில் விரிசல் இருக்கிறதா? முழுக்க வெளியே இழுத்த நிலையில் பக்கவாட்டில் ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது? ஒரு கட்டையை வைத்து நன்றாக இறுக்கும்போது "டக்" என்று பல் தாவுகிறதா? தாவினால் வாங்காதீர்கள்.

பொருத்துவதில் அவசரம் கூடாது. ஒன்பது அங்குல வைஸ் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். பெஞ்சின் கால் பக்கமாக வையுங்கள். வலது கைக்காரர் இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவதால் முன்பக்கத்தின் இடது முனை சரியான இடம். இரும்புத் தாடையின் மேல்விளிம்பு பலகை மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் அலகு போய்விடும். அதற்கேற்ப அடியில் கட்டை கொடுங்கள். மர ஸ்க்ரூ வேண்டாம், ஊடுருவும் போல்ட்டும் பெரிய வாஷரும்தான். பின் தாடையின் இரும்பை பெஞ்சின் விளிம்பில் குடைந்து உட்கார வைத்து, அதன்மேல் ஒட்டும் மரப்பலகையின் முகம் பெஞ்ச் விளிம்போடு ஒரே கோட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஆறடிப் பலகை முழு நீளத்துக்கும் சாய்ந்து நிற்கும். திருகு தாடைக்குக் கீழே இருப்பதால் இறுக்கும்போது தாடையின் மேல்பக்கம் வெளியே விரியப் பார்க்கும். அதனால்தான் நல்ல வைஸில் முன் தாடை மேலே சற்று உள்ளே சாய்ந்தே வரும். கோணல் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு ஓரத்தில் மட்டும் மரத்தைப் பிடிக்கும்போது மறு ஓரத்தில் அதே கனமுள்ள துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

எட்டு மாதம் கழித்து என் வைஸும் டக் டக் என்று தாவ ஆரம்பித்தது. மரை தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். தண்டை உருவிப் பார்த்தபோது நட்டுப் பற்களின் அடியில் தேக்குத் தூளும் நான் தாராளமாகத் தடவிய கிரீஸும் சேர்ந்து, புளியை அப்பி வைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. பல் பாதிதான் உள்ளே இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டி எடுத்தேன். இப்போது கிரீஸ் போடுவதில்லை. கடல்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகுவத்தியைத் தண்டு நெடுகத் தேய்த்து, துணியால் துடைத்து விடுகிறேன். அதன் பிறகு ஒரு தடவைகூடத் தாவவில்லை.