ஒரே வீட்டில் இரண்டு விதமான தலசீமியா

அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் அக்கா தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். பையன்கள் இருவருக்கும் பீட்டா தலசீமியா. பெரியவனுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறார்கள், சின்னவனுக்கு எப்போதாவதுதான். ஏன் இப்படி?"

ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு என்பது பள்ளிப் பாடம். இந்தப் பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய்தான் பீட்டா தலசீமியா. தாயும் தந்தையும் பழுதான பீட்டா மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்தால், ஒரே மூதாதையின் பழுது இருவரிடமும் இருக்க இடமுண்டு.

எனக்குத் தீராத வியப்பு இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பீட்டா குறைவதைவிட, ஜோடியில்லாமல் மிஞ்சும் ஆல்பாதான் பெருங்கேடு செய்கிறது. எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுவுக்குள் அது படிந்து, சவ்வைச் சிதைத்து, ரத்த ஓட்டத்தில் சேருமுன்பே அணுவைக் கொன்றுவிடுகிறது. மஜ்ஜை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. பெரும்பகுதி அங்கேயே மடிகிறது. கன்ன எலும்பு புடைப்பது மஜ்ஜை இப்படிப் பெருகுவதால்தான்.

பீட்டா மரபணு இருப்பது 11ஆம் குரோமோசோமில். ஆல்பா மரபணுக்கள் நான்கும் 16இல். ஆகவே இவை தனித்தனியே பிள்ளைகளுக்குப் போகின்றன. சின்னவனுக்கு ஆல்பா மரபணு ஒன்றிரண்டு குறைவாக வாய்த்திருந்தால், மிஞ்சும் ஆல்பாவும் குறையும், அணுக்கள் பிழைக்கும். ஒரு குறை இன்னொரு குறையின் பாரத்தை இறக்கிவைக்கிறது! அல்லது, பிறந்தபின் ஓய்ந்துபோக வேண்டிய காமா சங்கிலி அவனிடம் தொடர்ந்து உற்பத்தியாகலாம். மிஞ்சிய ஆல்பாவோடு இணைந்து அது, கருவிலிருக்கும் சிசுவுக்கு உரிய கரு ஹீமோகுளோபினாகிவிடும். 2023இல் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை எழுப்பிவிடுவதும் இந்தக் காமாவைத்தான்.

அண்ணன் தம்பியையும் பெற்றோரையும் சேர்த்தே சோதிப்பதன் பலன் இதுதான்: பீட்டா பழுது ஒன்றாக இருக்கும்போது, வேறுபடுவது எது என்று பளிச்சென்று தெரியும். குலதெய்வக் குற்றம் என்று அம்மாவைக் குறைசொல்லும் வீடுகள் இன்னும் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த அம்மாவின் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 10.5 இருக்கும், சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் அது ஏறாது. ரத்தத்தில் சிறிதளவே இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அவர் பெரும்பாலும் மரபணுவைச் சுமப்பவர். தருமபுரி, கிருஷ்ணகிரியின் மலைக்கிராமங்களில் திருமணப் பேச்சுக்கு முன்பே இந்தச் சோதனை எளிதில் கிடைக்கும்படி அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

பையன்களுக்கு ஹீமோகுளோபின் பகுப்பாய்வு செய்தால், அடுத்த முறை ரத்தம் ஏற்றுவதற்குச் சற்று முன்பு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய கையோடு எடுத்தால், கொடையாளியின் ஹீமோகுளோபினும் கலந்து முடிவைக் குழப்பிவிடும்.