சான்றிதழுக்குப் பிறகு தொடங்க வேண்டிய பயிற்சி

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலோ தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்திலோ மானியக் கடன் கேட்டு வருவோரில் பலருக்கு, தொழில்முனைவோர் பயிற்சி என்பது மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் நடுவே ஏறிக் கடக்க வேண்டிய ஒரு படியாகவே தெரிகிறது. சில நாள் வகுப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும், அதன் நகல் கடன் கோப்பில் சேர்ந்துவிடுகிறது. கற்றது கடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆளில்லை. சிறுதொழில் செய்வோருக்கு வகுப்பெடுப்பதும், பிறகு அவர்களுடைய கடைக்கும் பட்டறைக்கும் நேரில் சென்று கணக்கைப் பார்த்து வழிகாட்டுவதும் என் வேலை. பயிற்சி எடுத்தால் லாபம் கூடுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வகுப்பறையோடு நின்றுவிடும் பயிற்சி லாபத்தை அரிதாகவே அசைக்கிறது. கற்றதில் ஒன்றையாவது சொந்தத் தொழிலில் செய்து பார்க்க வைத்து, செய்யும்போது கூட இருக்கும் வழிகாட்டல் சேர்ந்தால்தான் கணக்குப் புத்தகத்தில் மாற்றம் தெரியத் தொடங்குகிறது.

இது என் அனுபவம் மட்டும் அன்று. இலங்கையில் கொழும்பு, கண்டி பகுதிகளில் பெண்களுக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில் பயிற்சியை அளித்து, அதன் விளைவைத் தொடர்ந்து அளந்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த பெண்களில் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் சில நடைமுறைகளைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் விற்பனையும் லாபமும் உயரவில்லை. பயிற்சியுடன் 15,000 இலங்கை ரூபாய் உதவித்தொகையும் பெற்றவர்களுக்கு முதல் எட்டு மாதங்களில் லாபம் கூடியது; இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றமும் கரைந்துவிட்டது. புதிதாகத் தொழில் தொடங்கியவர்களிடம் பலன் இதைவிட நன்றாக இருந்தது. பழக்கம் இறுகுவதற்கு முன்பே சரியான முறையைக் கற்றுக்கொள்வது எளிது என்பதை நான் கண்ணால் பார்த்திருப்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

வகுப்பில் புரிந்தது கடையில் ஏன் நடப்பதில்லை என்பதற்கு ஓர் இட்லி மாவுக் கடையை எடுத்துக்கொள்ளலாம். அதை நடத்தும் பெண்மணி பயிற்சியில் முன்வரிசையில் அமர்ந்து, அடக்க விலை, நிலையான செலவு, லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி எல்லாவற்றையும் தெளிவாக எழுதி வைத்திருந்தவர். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அவருடைய அடக்கம் 31 ரூபாய். மளிகைக் கடைகளுக்கு 40 ரூபாய்க்குப் போட்டார். "பாக்கெட்டுக்கு ஒன்பது ரூபாய் நிக்குதுங்க சார், ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் இல்லைங்க" என்பது அவருடைய குறை. தேவை அதிகம் என்று நம்பி, பெரிய கிரைண்டர் வாங்கக் கடனுக்கு எழுதிக் கொடுக்கவும் அவர் தயாராக இருந்தார்.

விடை அவருடைய சமையலறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்தது. கடைகளில் விற்காமல் புளித்துப் பொங்கித் திரும்பி வந்த பாக்கெட்டுகள் அவை. நூறு பாக்கெட் போட்டு நூறும் விற்றால் 900 ரூபாய் மிஞ்சும். பதினைந்து திரும்பி வந்தால், 85 பாக்கெட்டுக்கு வரும் 3,400 ரூபாயில் நூறு பாக்கெட்டுக்கான அடக்கமான 3,100 ரூபாயைக் கழிக்க வேண்டும். மிச்சம் 300 ரூபாய்தான். சரக்கில் ஆறில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இந்தக் கணக்கைப் போடத் தேவையான அறிவு அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் வகுப்பில் போட்ட பயிற்சிக் கணக்கில் 'ரிட்டர்ன்' என்ற வரியே இல்லாததால், திரும்பி வரும் மாவைத் தொழிலின் வழக்கமாக ஏற்றுக்கொண்டிருந்தாரே தவிர, செலவாக அவர் எண்ணவில்லை.

கடையின் பெயர், போட்டது, திரும்பியது என்று மூன்றே பத்திகள் கொண்ட நோட்டு ஒன்றை வாசலில் கட்டித் தொங்கவிட்டோம். சில வாரங்களில் வடிவம் தெரிந்தது: ரிட்டர்னில் பெரும்பகுதி, மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடும் இரண்டு மூன்று கடைகளிலிருந்துதான் வந்தது. அந்தக் கடைகளுக்கு அரைக் கிலோ பாக்கெட் மட்டும், அதுவும் காலையில் மட்டும் என்று மாற்றினார். கிரைண்டர் கடனுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்தக் கடன் கிடைத்திருந்தால் இன்னும் அதிக மாவு புளித்திருக்கும், தவணையும் சேர்ந்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம், பயிற்சிக்குப் பின் ஒருமுறையாவது தொழில் நடக்கும் இடத்துக்கு யாராவது போக வேண்டும் என்ற என் எண்ணம் உறுதியாகிறது.

போனால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வழக்கமான கணக்கியல், சந்தைப்படுத்தல் பாடங்களும், இன்னொரு பிரிவினருக்குத் தாமாக முன்வந்து செயல்படுவது, புதிய வாய்ப்பைத் தேடுவது, இடையூறு வந்தாலும் இலக்கை விடாதிருப்பது ஆகியவற்றைப் பழக்கும் பயிற்சியும் தரப்பட்டன. 36 மணி நேர வகுப்பும், பிறகு நான்கு மாதங்களுக்கு மாதம் ஒருமுறை பயிற்றுநரின் நேரடி வருகையும் இரு பிரிவினருக்கும் உண்டு. பயிற்சியே பெறாதவர்களோடு ஒப்பிட்டால், இரண்டாம் பிரிவினரின் லாபம் சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. முதல் பிரிவினரிடம் காணப்பட்ட 11 விழுக்காட்டு ஏற்றம் புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. ஆகவே வருகையின்போது பேசப்படுவது பாடப்புத்தகமாகவே இருந்தால் அது இன்னொரு வகுப்பாகத்தான் முடியும். டொமினிகன் குடியரசில் நடந்த மற்றோர் ஆய்வில், முழுக் கணக்கியல் கற்றவர்களைவிட, வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் வெவ்வேறு இழுப்பறையில் வைப்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்களே கணக்கைச் சீராக வைத்தார்கள். கல்லாவிலிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, சரக்கு வாங்கப் பணமில்லாமல் நிற்கும் கடைகளைப் பார்த்த எவருக்கும் இதன் அருமை தெரியும்.

வழிகாட்டி யார் என்பதும் முக்கியம். கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் நடந்த ஆய்வொன்றில், இளம் பெண் வணிகர்களில் சிலருக்கு வகுப்பும், சிலருக்கு அதே பகுதியில் நெடுநாள் தொழில் செய்து வெற்றி பெற்ற மூத்த பெண்களின் துணையும் கிடைத்தன. வகுப்பால் லாபம் மாறவில்லை; மூத்தவர்களின் துணையால் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. மலிவான மொத்த வியாபாரி எங்கே இருக்கிறார் என்பது போன்ற உள்ளூர் விவரங்களை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தராது. சந்திப்பு நின்ற பின் அந்தப் பலனும் குறைந்தது. நம் மகளிர் குழுக்களில் இத்தகைய மூத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயணச் செலவும் சிறு மதிப்பூதியமும் கொடுத்துப் புதியவர்களோடு ஓர் ஆண்டாவது இணைத்துவைக்கலாம். பயிற்சித் திட்டங்களின் நிதி ஒதுக்கீட்டில் மண்டப வாடகைக்கும் மதிய உணவுக்கும் இருக்கும் இடம் இதற்கும் வேண்டும் என்று துறை அதிகாரிகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வழிகாட்டலால் தீராதவையும் உண்டு. பெரிய நிறுவனம் பணத்தை இழுத்தடித்தால் எந்தச் சிக்கனமும் காப்பாற்றாது. ஆனால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் சரக்கு எடுத்தவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்பதையும், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருந்தால் அதற்காக முறையிடத் தனி அமைப்பு உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லி, நிலுவைக் கடிதத்தை எழுத உதவுவது நல்ல வழிகாட்டியின் வேலையே.

இப்போது நகரங்களில் பெருங்கட்டணம் வாங்கிக்கொண்டு, ஓட்டல் அரங்கில் கைதட்டவைத்து, தொழிலைப் பத்து மடங்காக்கித் தருவதாகச் சொல்லும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. அங்கே பணம் கட்டுவதற்கு முன், பயிற்சி முடிந்த பின் என் தொழிலிடத்துக்கு வருவீர்களா, எத்தனை முறை, என் துறையில் தொழில் செய்தவர் யாராவது உங்களிடம் இருக்கிறாரா, முன்பு பயின்றவர்களின் கடைக்கு நான் போய்ப் பேசலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடலாம். அரசு தரும் இலவசப் பயிற்சிக்குச் செல்பவர்கள் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்குப் புத்தகம், கொள்முதல் பில்கள், விற்காமல் கிடக்கும் சரக்கின் பட்டியல், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பயிற்றுநர் கேட்காவிட்டாலும், தேநீர் இடைவேளையில் அவற்றை அவர் முன் விரித்து, என் கடையில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மாதம் அதே தாள்களோடு மீண்டும் பார்க்க ஒரு தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.