ஆடிட்: காதால் கேட்ட கணக்கு

மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் ஜிஎஸ்டி பற்றி ஏதாவது கேட்டால், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்பார். அந்த ஆடிட்டர் அவர் கடையில் ஆடிட் செய்திருக்க மாட்டார். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவார், பேங்க் லோனுக்குத் தேவையான தாள்களைத் தயார் செய்வார். தமிழ்நாட்டில் சி.ஏ. படித்த எவரும் ஆடிட்டர்தான். சில ஊர்களில் படிக்காதவரும்கூட. அலுவலக ஆங்கிலம் பழகுகிறவர் முதலில் இந்த வழக்கத்தை விட வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் "என் ஆடிட்டர் என் கணக்கை எழுதித் தருகிறார்" என்று சொன்னால் அவர் புருவத்தை உயர்த்துவார். எழுதுகிறவர் அக்கவுண்டன்ட். அவர் எழுதியதைச் சரிபார்க்க வெளியிலிருந்து வருகிறவர் ஆடிட்டர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அது ஆடிட்டே இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும், ஒரு கம்பெனியின் ஆடிட்டர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது என்றுதான் சொல்கிறது.

ஆடிட் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் உள்ள 'ஆடிரே'. கேட்டல் என்று பொருள். ஆடியோ, ஆடிட்டோரியம், பாடகர் தேர்வுக்கு நடத்தும் ஆடிஷன் எல்லாமே இதன் உறவுகள். எண்ணுவதற்கும் கேட்பதற்கும் என்ன தொடர்பு? இடைக்கால இங்கிலாந்தில் பிரபுக்களின் நிலத்தையும் பண்ணையையும் பார்த்துக்கொண்ட காரியஸ்தர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து நின்று வரவு செலவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவான காலம் அது. உட்கார்ந்து கேட்கிறவர்கள் குறுக்குக் கேள்வி போடுவார்கள். அப்படிக் கேட்டவர்தான் ஆடிட்டர். அவர் கேள்வி வெறும் சடங்கு அல்ல. 1285ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின்படி, கணக்கில் பாக்கி வைத்த காரியஸ்தரை ஆடிட்டர்களின் வாக்குமூலத்தை வைத்தே சிறைக்கு அனுப்பலாம்.

அந்தக் காலத்து அரசுக் கணக்குக்குச் சாட்சி, வெட்டுக்குறி போட்ட குச்சிகள். தொகைக்கேற்ப வெட்டுப் போட்டு, குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஏமாற்ற முடியாது. இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது கட்டடமே தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. அந்தக் குச்சிக்கு ஆங்கிலத்தில் 'டேலி' என்று பெயர். இன்று கணக்கு "டேலி ஆகுது, ஆகல" என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான்.

காகிதம் பெருகியதும் காதின் வேலை கண்ணுக்குப் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஆண்டு முடிந்து ஆடிட் நடக்கும் அலுவலகத்தில் எட்டிப் பார்த்தால், ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. பயிற்சியில், இருக்கும் பையன் ஒருவன் வவுச்சர் எண்ணையும் தொகையையும் வாய்விட்டு வாசிப்பான். இன்னொருத்தி லெட்ஜரில் பச்சை மையால் டிக் போட்டுக்கொண்டே வருவாள். எங்காவது 5,400 என்று வாசித்த இடத்தில் லெட்ஜரில் 4,500 இருந்தால் பேனா நிற்கும். அந்த நிமிடம் இருவரும் அசல் பொருளில் ஆடிட்டர்கள்.

இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் தொடர்களில் ஆபத்தானது ஒன்று உண்டு. ஆடிட் அறிக்கையில் 'குவாலிஃபைட் ஒப்பீனியன்' என்று இருந்தால், தகுதி வாய்ந்த நல்ல கருத்து என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். "கணக்கு சரிதான், ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை" என்று ஆடிட்டர் கொக்கி போட்டிருக்கிறார் என்று பொருள். இங்கே குவாலிஃபை என்பது வரம்பு கட்டுதல். கொக்கியே இல்லாத சுத்தமான அறிக்கைதான் 'அன்குவாலிஃபைட்'. வேலைக்கான நேர்காணலில் இதைத் தலைகீழாகச் சொன்னால் எதிரே இருப்பவர் அடுத்த கேள்வியே கேட்க மாட்டார். குவாலிஃபைட் என்பதைத் தமிழில் 'வரம்புக்குட்பட்ட கருத்து' எனலாம். 'தகுதிக் கருத்து' என்று சில மொழிபெயர்ப்புகளில் வருவது குழப்பத்தை அப்படியே தமிழுக்கும் கொண்டுவருகிறது.

இன்னொன்று 'ஆடிட் டிரெயில்'. ஒரு பதிவை யார், எப்போது, என்னவென்று மாற்றினார் என்ற தடம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இது கட்டாயம். மார்ச் 31 இரவு ஒரு பில்லை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருக்க முடியாது, அழித்ததும் பதிவாகும். 'மாற்றத் தடம்' என்றால் யாருக்கும் புரியும்.

ஆடிட்டர் திருட்டைக் கண்டுபிடிக்கிறவர் என்று நினைப்பவர்கள் 1896இல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கைப் படிக்கலாம். ஆலை மேலாளர் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் சொல்லை நம்பினார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் தீர்ப்பில் எழுதினார். காவல் நாயாவது குரைக்க வேண்டும் அல்லவா என்ற கேள்வி, 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் தானே மோசடியை ஒப்புக்கொண்டபோது இந்தியாவில் பலமாக எழுந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் 'தணிக்கை' வேரூன்றிவிட்டது. இதைத் 'தணி' என்ற வினையோடு சேர்த்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. கணக்கில் எதைத் தணிப்பது? வரியைத் தணிப்பது என்று வேண்டுமானால் வேடிக்கையாகச் சொல்லலாம். தெலுங்கில் தனிகீ என்றால் சோதனை, கன்னடத்தில் தனிகெ என்றால் விசாரணை. இவற்றை அருகில் வைத்துப் பார்த்தால், வசூல், பாக்கி, ரசீது, தாசில்தார் போல வருவாய் நிர்வாகத்தின் வழியே இங்கே வந்து குடியேறிய சொல்லாகத்தான் தெரிகிறது. தாலுகா அலுவலகங்களில் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு முடியும் தறுவாயில் நடக்கும் ஜமாபந்தியும் கிராமக் கணக்குகளின் ஆடிட்தான். மக்கள் அதை மனுக் கொடுக்கும் நாள் என்றே அறிவார்கள். அதற்கு அரசு வைத்த தமிழ்ப் பெயர் 'வருவாய்த் தீர்வாயம்'. அழைப்பிதழில் அதுவும் பேச்சில் ஜமாபந்தியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தணிக்கையில் ஒரு சங்கடம், சினிமாவுக்கும் அதே சொல். படத்தில் காட்சியை வெட்டுவதும் தணிக்கை, கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1983இல் 'சென்சார்' போய்ச் 'சான்றளிப்பு' வந்துவிட்டது. தமிழில் தணிக்கை போகவில்லை. அதனால்தான் 'கணக்குத் தணிக்கை' என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சங்கடத்தில் மாட்டவில்லை. அங்கே 'கணக்காய்வு'. அரசுக் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பின் பெயரே தேசிய கணக்காய்வு அலுவலகம். என் ஓட்டும் இதற்குத்தான். புதிதாகச் செய்த சொல் போலத் தோன்றினாலும் இதில் பழைய தமிழ் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிர்வாகத்தையும் வரவு செலவையும் விசாரிக்க வரும் அதிகாரியின் வேலை 'ஸ்ரீகாரியம் ஆராய்தல்'. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் கறார். வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. இன்றைய உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு விதி வந்தால் எத்தனை வேட்புமனு மிஞ்சும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

கேட்டல் என்ற பழைய பொருள் இந்தியாவில் திரும்பி வந்த இடம் ராஜஸ்தான். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் பஞ்சாயத்து வேலைகளின் பில்களையும் வருகைப் பட்டியலையும் ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் கூட்டத்திலேயே அது தெரிந்துவிடும். இந்தியில் அதற்கு ஜன் சுன்வாயி என்று பெயர், மக்கள் கேட்டல். ஊரக வேலைக்கென 2005இல் வந்த சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைக் கிராம சபையின் வேலையாக்கியது. தமிழில் 'சமூகத் தணிக்கை' என்று பெயர் நிலைத்துவிட்டது; இனி மாற்ற வேண்டியதில்லை.

ஆக, கம்பெனிக் கணக்கு என்றால் கணக்காய்வு அல்லது கணக்குத் தணிக்கை. ஒரு கட்டுரையில் இரண்டையும் கலக்க வேண்டாம். தொழிற்சாலையில் ஐஎஸ்ஓ சான்றுக்காக நடப்பதில் கணக்கே கிடையாது, அதனால் 'தர ஆய்வு'. கம்பெனிக்குள்ளேயே ஆள் வைத்துப் பார்ப்பது 'அகக் கணக்காய்வு'. ஆளைக் குறிக்கக் கணக்காய்வாளர். படிப்பைக் குறிக்கப் பட்டயக் கணக்காளர். மளிகைக் கடைக்காரர் மட்டும் வழக்கம்போல ஆடிட்டர் என்றே சொல்லட்டும், அவரைத் திருத்தப் போனால் ஜிஎஸ்டி தேதி தாண்டிவிடும்.