வளைகாப்பு: ‘பேபி ஷவர்’ என்பதற்கு நேர்ச்சொல்லா?

ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. அவளுடைய அம்மம்மா, அதாவது என் அம்மா, என்னோடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறா. மாமா லண்டனில், இன்னொரு சித்தி பாரிஸில், மாமியார் சிட்னியில். எல்லோரும் சூமில் கூடி ஒரு கொண்டாட்டம் செய்வதென்று முடிவாயிற்று. தமிழ் படிப்பித்தவள் என்பதால் அழைப்பிதழ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. வட்ஸ்அப்பில் அவள் கேட்டாள்: “சித்தி, விர்ச்சுவல் பேபி ஷவர் எண்டு போடட்டோ, வளைகாப்பு எண்டு போடட்டோ? ரெண்டும் ஒண்டுதானே?”

“ஒண்டில்லைப் பிள்ளை” என்று உடனே எழுதினேன். ஏன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதுதான் இது.

முதல் வரியில் இரண்டு யாழ்ப்பாணச் சொற்கள் இருக்கின்றன. அக்காவின் மகள் எனக்குப் பெறாமகள்: நான் பெறவில்லை, ஆனாலும் மகள். முழுகாமல் இருத்தல் என்றால் கருவுற்றிருத்தல். மாதவிலக்கு வந்து தலைமுழுகும் நாள் இந்த மாதம் வரவில்லை என்பதை அவ்வளவு பக்குவமாகச் சொல்கிற சொல். பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச எங்களுக்குச் சொல் தட்டுப்பாடு இருந்ததே இல்லை என்பதற்காக இவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

இனி ‘பேபி ஷவர்’. இதைக் ‘குழந்தைக் குளியல்’ என்று மொழிபெயர்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். குளியலறையில் நீர் தூவும் குழாயை நினைத்து வந்த பிழை அது. ‘ஷவர்’ என்பதன் மூலப்பொருள் மழை; சற்று நேரம் பொழிந்துவிட்டு ஓயும் மழை. பழைய ஆங்கிலத்தில் ‘ஷூர்’ (scūr) என்ற வடிவில் இருந்த சொல் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் மணமாகப் போகிற பெண்ணுக்குத் தோழிகள் கூடிப் பரிசுகளைப் பொழியும் விருந்துக்கு அந்தப் பெயர் வந்தது. பின்னர் பிள்ளை பெறப் போகிறவளுக்கும் அது நீண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பிறப்புகள் பெருகிய காலத்தில் வீட்டுக்கு வீடு பரவியது. பிறக்கப் போகும் பிள்ளைக்கான உடுப்பு, தொட்டில், பால்போத்தல் என்று வாங்கி வந்து குவிப்பதுதான் அதன் உயிர்.

பொழிதல் என்ற உருவகம் நமக்கு அந்நியமில்லை. பூமாரி, பொன்மாரி என்று சொல்லிப் பழகிய மொழி இது. இன்னும் ஒருபடி மேலே போய், தமிழ் மேகத்தையே பிள்ளைத்தாய்ச்சி ஆக்கியிருக்கிறது. சூல் என்ற சொல்லுக்குக் கருப்பம் என்பது பொருள். நீர் நிறைந்த மேகத்தைச் சூல்கொண்ட மேகம் என்கிறோம். குறுந்தொகையின் 287ஆம் பாட்டில், நீரைச் சுமந்து ஏற முடியாமல் தளரும் மேகத்துக்கு உவமையாக வருபவள் பச்சைப் புளிக்கு ஆசைப்படும் கடுஞ்சூல் மகள். கடுஞ்சூல் என்றால் முதற்சூல். ஆங்கிலத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் மேல் மழை பொழிகிறது. தமிழில் பிள்ளைத்தாய்ச்சியே மழையாக இருக்கிறாள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

சொல்லுக்குச் சொல் சரியான ‘பேபி ஷவர்’ யாழ்ப்பாணத்தில் உண்டு என்றால் அது பல்லுக்கொழுக்கட்டைதான். பிள்ளைக்கு முதற்பல் முளைத்தவுடன் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்த சின்னக் கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டுகிறோமே, அது பிள்ளையின் மேல் நேராகப் பொழியும் மழை. ஆனால் அது பிறந்து பல மாதங்களுக்குப் பிறகு நடப்பது. பெறாமகளின் அழைப்பிதழுக்கு உதவாது.

வளைகாப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு துலங்கும். வளை என்பது வளைதலிலிருந்து வந்த பெயர், வளைந்திருப்பதால் வளை. சங்குக்கும் வளை என்றுதான் பெயர். சங்ககாலப் பெண்கள் அணிந்த வளை சங்கை அறுத்துச் செய்ததுதான். வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் இன்றும் சங்குவளை அணிகிறார்கள். அதற்காக யாழ்ப்பாணக் கடலிலும் மன்னார்க் கடலிலும் குளித்தெடுத்த சங்கு நெடுங்காலம் கப்பலேறிப் போனது.

காப்புத்தான் இதில் உயிரான பாதி. தமிழ்நாட்டில் வளையல் என்பதை நாங்கள் காப்பு என்கிறோம். தங்கக் காப்பு, கண்ணாடிக் காப்பு, நல்லூர்த் திருவிழாவில் வீதியோரம் முளைக்கும் காப்புக்கடை. இதனால் யாழ்ப்பாணக் காதுக்கு வளைகாப்பு என்றால் ஒரே பொருளை இருமுறை சொன்னது போலக் கேட்கும். உண்மையில் காப்பு காத்தலிலிருந்து வந்தது. நூல் தொடக்கத்தில் பாடும் காப்புச் செய்யுள், பிள்ளைத்தமிழின் முதற்பருவமான காப்புப் பருவம், கேதாரகௌரி விரதம் முடிந்து கையில் கட்டும் கௌரிக்காப்பு, நாவூறு படாமல் குழந்தையின் கையில் போடும் கறுத்தக் காப்பு எல்லாம் அந்தக் காத்தலின் வழி வந்தவை. இன்சூரன்சுக்கு இலங்கைத் தமிழ் வைத்த பெயர்கூடக் காப்புறுதி. காக்கிற பொருளைக் கையில் கட்டிக் கட்டி, கையில் கட்டுவதற்கே காப்பு என்று பெயராகிவிட்டது. வளைகாப்பில் முதலில் வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைப் போட்டுவிட்டு, அதன் பின் கண்ணாடிக் காப்பை அடுக்குகிற வழக்கம் இந்தப் பொருளை அப்படியே வைத்திருக்கிறது.

ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஒற்றை மாதங்களில் செய்வார்கள்; ஏழுதான் பெரும்பாலும். ஏழாம் மாதமளவில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கி, சத்தத்துக்கு அசையவும் செய்கிறது. கை நிறையக் காப்புக் கிலுங்குவது பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

சீமந்தம் என்றும் போடலாமே என்பார்கள். அது வடமொழிச் சொல். தலைமுடியின் நடுவகிடு என்று பொருள். கணவன் முள்ளம்பன்றி முள்ளால் மனைவியின் வகிட்டை மேல்நோக்கிப் பிரித்துவிடும் வேதச் சடங்கு அது. முதற்சூலுக்குச் செய்வதால்தான் மூத்த மகனைச் சீமந்த புத்திரன் என்கிறோம். ஐயர் வந்து அந்தச் சடங்கைச் செய்தால் அந்தப் பெயர் பொருந்தும். பெண்கள் கூடிக் காப்புப் போடுவதற்குப் பொருந்தாது. பூச்சூட்டல் என்பதும் அப்படியே, பூச்சூட்டினால் பூச்சூட்டல்.

என்னைப் பொறுத்தவரை ஆராய வேண்டியது யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைத்தான். பேபி ஷவரில் கொடுப்பது பிள்ளைக்கு. வளைகாப்பில் கொடுப்பது தாய்க்கு: காப்பு அவள் கையில், சந்தனம் அவள் கன்னத்தில், பூ அவள் தலையில். பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே உடுப்பு வாங்கி அடுக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். பிள்ளைக்கு முதலில் பழைய வெள்ளைத் துணி. புதுச்சட்டையும், ஐந்து ஆயுத உருவங்கள் கொண்ட பஞ்சாயுதமும் முப்பத்தொன்றுக்கு, அதாவது பிறந்து முப்பத்தோராம் நாளுக்கு. அன்றைக்குத் துடக்கு என்கிற தீட்டுக் கழிந்து, சொந்தபந்தம் பிள்ளை பார்க்க வந்து, தங்கமும் காசும் உடுப்பும் கொடுக்கும். ஆக, அமெரிக்கர் ஒரே நாளில் செய்வதை நாங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தாயைக் காப்பது பிறப்புக்கு முன்; பிள்ளையை வரவேற்பது பிறப்புக்குப் பின். ‘பேபி ஷவர்’ என்பதற்கு ஒரே நேர்ச்சொல் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா எங்களைப் பெற்ற காலத்தில் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்ததில்லை. இந்தியப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பிறகு செய்யத் தொடங்கியதுதான். முன்பு எங்களுக்குப் பெரிய நாள் முப்பத்தொன்றுதான். இரவல் வந்ததாகவே இருக்கட்டும்; வளைகாப்பு என்ற சொல் எங்கள் மொழியின் சொல். அதில் இருக்கும் காப்பு எங்கள் வாயில் தினமும் புழங்குவது.

இந்த இடத்தில் எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வருகிறது. கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1847இல் இலங்கைக்கு வந்து அங்கே பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். 1857இல் பிள்ளைப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியில், அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு. கதிரையும் அலுமாரியும் யன்னலும் போர்த்துக்கேயரோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஊர் இது. இரவல் சொல்லை நான் வெறுப்பவளில்லை. ஆனால் தேடுகிற முதற்படியிலேயே சொல் கையில் கிடைக்கும்போது மூன்றாம் படிக்கு ஏன் போக வேண்டும்?

அடுத்தது ‘விர்ச்சுவல்’. இலத்தீனில் ஆற்றல், சிறப்பு என்ற பொருளுடைய ‘விர்த்துஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. உருவத்தில் இல்லாவிட்டாலும் பயனில் உள்ளது என்று பொருள் விரிந்து, கணினித் துறைக்குள் போயிற்று. இதற்குத் தமிழில் மெய்நிகர் என்று எழுதுகிறார்கள். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. நிகர் என்றால் ஒப்பானது. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு இல்லாத உலகத்துக்குள் நடப்பதற்கு மிக அழகான சொல்.

பெறாமகளின் கொண்டாட்டத்துக்கு அது சரிவருமா என்று யோசித்தேன். காப்பு ஏறப் போவது அவளுடைய மெய்யான கையில். பிள்ளை மெய்யான வயிற்றில். அக்கா பக்கத்தில் நின்று சந்தனம் பூசுவா. இதில் எது நிகர்? தூரத்தில் இருக்கும் நாங்கள் போய்ச் சேரும் வழி மட்டுந்தான் வேறு. அந்த வழிக்கு இணையவழி என்ற சொல் இருக்கிறது. 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் ‘விர்ச்சுவல்’ என்றுதான் இருந்தது. தமிழ்ப் பெயரில் இணைய என்று வைத்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். இலங்கையில் நிகழ்நிலை என்ற சொல்லும் உண்டு. 2024ஆம் ஆண்டின் சட்டத்துக்கு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று பெயர். அங்கேயும் நம்முடைய காப்பு, பழைய பொருள் குறையாமல் நிற்கிறது. அரச ஆவணத்துக்கு நிகழ்நிலை பொருந்தும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் அழைப்பிதழில் எனக்கு அது ஒட்டவில்லை.

நேரம் பார்த்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல் தெளிந்தது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் 4.30 முதல் 6.00 வரை. அது கழிந்து இங்கே மாலை 6.30 என்றால், இந்தக் கோடை மாதத்தில் பாரிஸில் பிற்பகல் 3.00, லண்டனில் 2.00, ரொறன்ரோவில் காலை 9.00. சிட்னியில் இரவு 11.00, மாமியார் முழித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டா. சூமை இலவசமாகப் பாவித்தால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், தம்பி கட்டணம் கட்டுகிறான். இன்னொன்று முக்கியம்: பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி சூமில் இருக்கிறது. காப்புச் சத்தத்தையும் இரைச்சல் என்று எடுத்து அமத்திவிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டால்தான் காப்புக் கிலுங்குவது கோண்டாவிலுக்குக் கேட்கும். அது கேட்காவிட்டால் அம்மாவுக்கு வளைகாப்பு நடந்ததாகவே இராது. கண்ணாடிக் காப்பு நல்லூர்க் காப்புக்கடையில் போன வருடம் அம்மா தன் கையால் தெரிந்து வாங்கியது. ரொறன்ரோவுக்குப் போன ஒருவரிடம் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டோம், இரண்டுதான் உடைந்தது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தும்போது ஒன்று உறைத்தது. யாழ்ப்பாணத்தில் கொண்டாட்டத்துக்கும் துயரத்துக்கும் நாங்கள் வைக்கும் பெயரே வீடுதான். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. “கலியாணவீட்டுக்குப் போறம்” என்றால் அது மண்டபத்தில் நடந்தாலும் வீடுதான். சனம் கூடுகிற இடம் எதுவோ அது வீடு. அப்படியானால் நிகழ்வின் பெயரோடு மெய்நிகர் என்றோ இணையவழி என்றோ அடைமொழி ஒட்டத் தேவையே இல்லை. அந்தச் செய்திக்கு அழைப்பிதழில் ஏற்கெனவே ஒரு வரி உண்டு: இடம்.

இப்படி எழுதி அனுப்பினேன்:

வளைகாப்பு
ஞாயிறு, ரொறன்ரோ காலை 9.00 / யாழ்ப்பாணம் மாலை 6.30
இடம்: ரொறன்ரோ இல்லம். தூரத்து உறவுகள் சூம் வழியாக.
பிள்ளைக்கான பரிசுகளை முப்பத்தொன்றுக்குக் கொண்டுவரவும்.

பத்து நிமிடத்தில் மறுமொழி வந்தது. “சித்தி, மேலை ‘வளைகாப்பு வீடு’ எண்டு போடலாமோ?”

போடச் சொன்னேன்.